ஓரம் விடுவோம்



இம்மாதம் உங்களோடு உரையாடத் தொடங்குமுன் நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டுச் சொல்லத்தக்க குற்றமாக அதை அன்று நாம் கருதவில்லை. திருவிழாக் கணக்கில் ஒரு செலவினமாகவே கருதினோம். பற்றுச்சீட்டில் கையெழுத்திட்டதோடு மறந்தும் போனோம். அதை மறக்கவொட்டாமற் செய்தவர் எம் கோயிற்பிள்ளை.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். லூர்து அன்னையின் திருவிழாவுக்குக் கொடியேற இன்னும் மூன்று நாள்களே இருந்தன. மணிக்கூண்டின் தென்புற விளிம்புக்கு அடியில் மலைத்தேனீக் கூடுகள் இரண்டு, கரும்பலகை போலத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கி கட்ட வந்தவர் ஏணியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். மின்விளக்கு அலங்காரம் செய்பவரும் தயங்கினார். திருவிழாக் குழுவினர் கூடிவந்து, "கூட்டம் கூடுகிற இடம், சாமி, பிள்ளைகள் வருகிற இடம். யாரையாவது கொட்டிவிட்டால் யார் பதில் சொல்வது?" என்றனர். அவர்கள் கேட்டதில் பிழையில்லை. எரித்துவிடுங்கள் என்று நாம் சொன்னோம். அன்றிரவே ஆள்கள் வந்தனர். எண்ணெயில் நனைத்த துணிப்பந்தம் நீண்ட மூங்கிலில் ஏறியது. அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் காலைத் திருப்பலிக்குக் கதவு திறக்கச் சென்ற கோயிற்பிள்ளை, படிக்கட்டில் கிடந்தவற்றைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இரண்டு முறம், மூன்று முறம் என்று அள்ளி அள்ளிச் சாக்கில் கொட்டினார். சில இன்னும் அசைந்துகொண்டிருந்தன. நம்மைக் கண்டதும் நிமிர்ந்து, "இதுக வருஷா வருஷம் இந்த விளிம்புக்குத்தான் வரும், சாமி. தையிலே வரும், வைகாசி பிறக்குறதுக்குள்ளே தானாப் போயிரும். எங்க அப்பா காலத்திலேயும் வந்துச்சு. அப்பயும் திருவிழா நடக்கத்தான் செஞ்சுச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய தந்தையாரும் இதே கோயிலில் மணியடித்தவர்.

அவ்வாண்டே இன்னும் இரண்டு காரியங்கள் செய்தோம். மழைக்காலத்தில் சேறாகிறது என்று கோயில் வளாகம் முழுவதும், மதிற்சுவர் முதல் மதிற்சுவர் வரை, பேவர் பிளாக் பதித்தோம். மரங்களின் அடியிலும் ஒரு சாண் மண் விடவில்லை. நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோர் நினைவுநாளை முன்னிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்தோம். தும்பையும் மூக்குத்திப்பூண்டும் நாயுருவியும் நான்கே நாளில் கருகின. கல்லறைகள் துப்புரவாகக் காட்சியளித்தன. எல்லோரும் பாராட்டினர்.

தீ, சிமெண்ட், நஞ்சு ஆகிய மூன்றும் ஓராண்டில் ஒரே வளாகத்தில் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் இருந்தது. ஒன்றிலும் தீய எண்ணம் இல்லை. நகரங்களில் தேனீக்கும் வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் வாழ்விடம் அற்றுப்போவது பெரும்பாலும் இவ்வாறுதான். பகைகொண்டு எவரும் அவற்றை அழிப்பதில்லை. ஓர் ஓரமும் மிச்சம் வைக்காத நம் ஒழுங்கே அவற்றை அழிக்கின்றது.

அடுத்த ஆண்டு, எம் பங்கிலுள்ள கன்னியர் மடத்துத் தோட்டத்தில் ஒரு காட்சி கண்டோம். விடியற்காலைத் திருப்பலி முடிந்து நற்கருணை கொண்டு சென்றிருந்தோம். மூத்த சகோதரி ஒருவர் பூசணிக் கொடிகளின் நடுவே குனிந்து நின்று, ஓர் ஆண் பூவைப் பறித்து, அதன் இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவினுள் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தார். "பூவெல்லாம் பூக்கிறது, சாமி. பிஞ்சாகுமுன் வெம்பி விழுந்துவிடுகிறது. வண்டு வரக் காணோம். அதனால் அதன் வேலையை நானே பார்க்கிறேன்" என்றார்.

நாம் மணிக்கூண்டை எரித்ததனால்தான் அவருடைய பூசணி காய்க்கவில்லை என்று சொல்லத் துணியோம். அத்துணை எளிதாக ஒன்றுக்கு ஒன்று காரணம் காட்ட இயலாது. ஆயினும், வளாகத்தின் பூக்களையும் மண்ணையும் மூடிவிட்டுக் கொடியைக் குறைசொல்வது முறையன்று என்று மட்டும் உணர்ந்தோம்.

பூசணியின் கதை எல்லோரும் அறிந்திருக்கவேண்டியது. அதன் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூசணிப் பூ விடியலில் விரிந்து முற்பகலுக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு தேனீயேனும் வண்டேனும் ஆண் பூவின் மகரந்தத்தைச் சுமந்துவந்து பெண் பூவில் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிடில் பிஞ்சு இல்லை. பாகல், புடல், சுரை, வெள்ளரி, தர்பூசணி யாவும் இவ்வினமே. முருங்கைக்கும் மாவுக்கும் முந்திரிக்கும் கொத்தமல்லி விதைக்கும் பூச்சிகளின் உதவி வேண்டும். உலகின் முதன்மையான உணவுப் பயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, விளைச்சலுக்கோ தரத்துக்கோ ஓரளவேனும் இவ்வுயிர்களைச் சார்ந்துள்ளன என்பது அறிஞர் கணிப்பு. நெல்லும் கோதுமையும் காற்றாலும் தம்முள்ளும் கருவுறுபவை. எனவே தேனீ இல்லாவிடினும் சோறு இருக்கும். ஆனால் இலையில் காயும் கனியும் குறைந்துவிடும்.

தேனீ என்றதும் நாம் தேன் தரும் ஈயை மட்டுமே நினைக்கின்றோம். உலகில் தேனீ இனங்கள் 20,000-க்கும் மேற்பட்டவை. அவற்றுள் தேன் சேர்த்துக் கூட்டமாக வாழ்பவை மிகச் சிலவே. நம் நாட்டில் உயர்ந்த இடங்களில் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீயும், மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் பொந்துத்தேனீயும், சிறு கிளையைச் சுற்றிக் கட்டும் கொம்புத்தேனீயும், பழைய சுவர் வெடிப்புகளில் பிசின் குழல் வைத்துக் குடியிருக்கும் கொடுக்கில்லாத கொசுத்தேனீயும் அத்தகையவை. எஞ்சிய பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றுக்கு அரசியுமில்லை, படையுமில்லை. தாய்த்தேனீ தானே வளை தோண்டி, தானே மகரந்த உருண்டை பிடித்து, அதன்மேல் முட்டையிட்டு வாயிலை அடைத்துவிட்டு மறைகின்றது. தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மண்ணுக்குள் கூடு கட்டுபவை என்பதை அறிந்தபோது, எம் வளாகத்துப் பேவர் பிளாக்கின் மேல் நடக்கையில் கால் கூசியது.

இத்தனிவாழ் தேனீக்கள் செய்யும் ஒரு வேலையைத் தேன்கூட்டு ஈக்கள் செய்ய அறியா. கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் மிளகுக்குப்பி போன்ற குழலுக்குள் அடைபட்டிருக்கும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் அப்பூவைக் கட்டிப்பிடித்துத் தம் பறக்கும் தசைகளை அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வில் மகரந்தம் பொலபொலவென உதிர்கின்றது. வீட்டு உத்தரத்தைத் துளைக்கிறது என்று நாம் அடித்து விரட்டும் கருவண்டே நம் கத்தரித் தோட்டத்தின் வேலையாள். ரோசா இலையில் வட்ட வட்டமாக வெட்டுக் கண்டு மருந்தடிக்கும் சகோதரிகள் உண்டு. அது நோயன்று. இலைவெட்டித் தேனீ தன் மகவுக்குத் தொட்டில் தைக்கத் துணி வெட்டிச் சென்ற அடையாளம் அது.

"தேனீ காட்டுக்கும் மலைக்கும் உரியது, நகரத்தில் அதற்கென்ன வேலை?" என்று வினவுவோர் உளர். நகரம் இயல்பாகவே தேனீக்குப் பகை என்பது உண்மையன்று. பிரிட்டனில் பிரிஸ்டல், எடின்பரோ, லீட்ஸ், ரெடிங் என்னும் நான்கு நகரங்களில் தெரு, பூங்கா, கல்லறைத் தோட்டம், வீட்டுத் தோட்டம் என்று இடம் இடமாகப் பூக்களையும் அவற்றுக்கு வரும் பூச்சிகளையும் எண்ணி ஆராய்ந்து, 2019-இல் முடிவை வெளியிட்டனர். வீட்டுத் தோட்டங்களும் குடிமக்கள் காய்கறி பயிரிடும் சிறு பாத்திகளுமே மிகுதியான பூச்சிகளைத் தாங்குகின்றன என்று கண்டனர். ஒரே பயிரை மைல் கணக்கில் விதைத்து, மாதந்தோறும் மருந்து தெளிக்கும் வயல்வெளியைக் காட்டிலும், பலவகைப் பூக்கள் கலந்து பூக்கும் ஒரு நகரத் தெரு தேனீக்கு நல்ல அடைக்கலமாக இருக்கக்கூடும். அடைக்கலமாவதும் ஆகாததும் நகரத்தார் கையில் உள்ளது.

இங்கே ஒரு தவறான வழியையும் சுட்டிக்காட்ட வேண்டும். தேனீயைக் காப்போம் என்றவுடன், மாடியில் இரண்டு தேன்பெட்டி வாங்கி வைத்தால் போதும் என்று ஆர்வமுள்ள இளைஞர் எண்ணுகின்றனர். தேன்பெட்டியை நாம் இழித்துப் பேசவில்லை. நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற பெட்டியை 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில் உருவாக்கித் தென்னிந்தியச் சிற்றூராருக்குக் கற்பித்தவரே நியூட்டன் அடிகளார் என்னும் ஒரு குருதான். இன்றும் அது 'நியூட்டன் பெட்டி' என்றே வழங்குகின்றது. 1920-களில் மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் ஊரக மையம் தொடங்கிய தேனீ வளர்ப்பு, குமரி மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரியச் செய்தது. ஆனால் பெட்டி என்பது மாட்டுத் தொழுவம் போன்றது. தொழுவம் கட்டினால் மட்டும் மாடு பிழைக்காது, மேய்ச்சல் வேண்டும். பூவில்லாத நகரில் பெட்டிகளைப் பெருக்கினால், இருக்கும் சில பூக்களுக்கும் போட்டி மூண்டு, பெட்டியில்லாத தனித்தேனீக்கள் பட்டினி கிடக்கும். இலண்டன் மாநகரில் இத்தகைய அச்சத்தை அறிஞர்கள் எழுப்பியுள்ளனர். ஆகவே நகரம் முதலாவதாகக் கொடுக்க வேண்டியது மேய்ச்சல்தான். பெட்டியைப் பற்றிப் பின்னர் நினைக்கலாம்.

மேய்ச்சலும் இருப்பிடமும் எங்கிருந்து வரும்? நகரத்தில் ஒரு சென்ட் நிலத்தின் விலையை நாம் அறிவோம். இருக்க வீடில்லாத ஏழைகள் வாழும் நகரில் தேனீக்கு நிலம் கேட்பது நகைப்புக்கிடமாகும் என்று தோன்றலாம். விடை நம் மறைநூலிலேயே உண்டு. லேவியர் நூலில் ஆண்டவர் அறுவடைக்கு ஒரு விதி வகுத்தார். வயலின் ஓரம் வரை ஒட்ட அறுக்கலாகாது. சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கலாகாது. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை என்றார். விடுதலைப் பயண நூலில் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஏழாம் ஆண்டு நிலத்தைத் தரிசாக விடச் சொன்னார். அவ்வாண்டின் விளைவை ஏழைகள் உண்ண, அவர்கள் உண்டு எஞ்சியதைக் காட்டு உயிர்கள் உண்ணட்டும் என்றார். வயல் முழுவதையும் கொடுத்துவிடுமாறு இவ்விதிகள் கேட்கவில்லை. உழுபவன் உழலாம், அறுக்கலாம், களஞ்சியம் நிரப்பலாம். ஓரத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். ஏழைக்கு விடும் ஓரமும் உயிர்களுக்கு விடும் ஓரமும் ஒரே நெஞ்சிலிருந்து வருபவை என்பதையும் அவ்விதிகள் காட்டுகின்றன. ரூத் என்னும் அந்நியப் பெண் கதிர் பொறுக்கியது அத்தகைய வயலில்தான். அவ்வயலின் வழியாகவே தாவீதின் மரபு வந்தது. அம்மரபிலேயே நம் மீட்பர் பிறந்தார்.

நகரம் என்பதும் ஒரு வயலே. அதில் தேனீக்கு விடவேண்டிய ஓரங்கள் நான்கு என்று நமக்குத் தோன்றுகின்றது.

முதலாவது, மண்ணின் ஓரம். மரத்தடியில் நான்கு சதுர அடி மண், மதிலோரம் இரண்டடி அகலத்தில் ஒரு வரப்பு, பூங்காவின் மூலையில் கொத்தாமல் கிளறாமல் விட்ட ஒரு மேடு. இவை மண்வாழ் தேனீக்குப் போதுமானவை. மழைநீரும் அதே மண்ணில் இறங்கும். மரத்தின் வேரும் மூச்சுவிடும். பட்டுப்போன ஒரு கிளைத்துண்டையோ, ஒரு முனை அடைத்த மூங்கில் குழாய்களையோ நிழலான இடத்தில் விட்டுவைத்தால் கருவண்டும் இலைவெட்டித் தேனீயும் குடிபுகும்.

இரண்டாவது, பூவின் ஓரம். நகராட்சியும் பள்ளியும் கோயிலும் மரம் நடுகையில், விரைவில் வளருமா, இலை உதிருமா என்று மட்டுமே கேட்கின்றன. எம்மாதம் பூக்கும் என்று கேட்பதில்லை. வேம்பும் புங்கும் நாவலும் கோடையின் முற்பகுதியில் பூக்கும். சரக்கொன்றை சித்திரை, வைகாசியில் பொன்னாய்ச் சொரியும். புளி அதன்பின் பூக்கும். பூவரசு ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பூ வைத்திருக்கும். முருங்கை ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் தேனீக்கு அன்னசத்திரம். இவ்வாறு மாதம் மாறி மாறிப் பூக்கும்படி ஒரு தெருவில் மரங்களைத் தேர்ந்து நட்டால் பஞ்ச காலம் இராது. அடுக்கிதழ்ப் பூக்கள் பல கண்ணுக்கு விருந்தாயினும் தேனீக்கு வெறும் பந்தல். அவற்றின் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிட்டன. ஒற்றையிதழ்ச் செம்பருத்தியும் துளசியும் தும்பையும் அவற்றிலும் பயனுடையவை. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரத்தார் 2015-இல் நகரின் ஒரு புறமிருந்து மறுபுறம் வரை, மாடிகளிலும் பால்கனிகளிலும் பூந்தொட்டிகளால் தேனீக்கு ஒரு வழிப்பாதை அமைக்கத் தொடங்கினர். சிறு தேனீ நெடுந்தொலைவு பறக்காது. சில நூறு அடிகளுக்கு ஒருமுறை அதற்குத் தங்குமிடம் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்தில் 2019-இல் 316 பேருந்து நிழற்குடைகளின் கூரைமேல் பூச்செடி வளர்த்தனர். மக்களிடமிருந்து ஓரடி நிலமும் பறிக்கப்படவில்லை.

மூன்றாவது, நஞ்சில்லா ஓரம். கொசுப்புகை அடிக்கும் வண்டி தெருவில் வரும்போது நமக்கு ஓர் ஆறுதல் பிறக்கின்றது. டெங்குவால் பிள்ளையை இழந்த வீட்டில் நாம் மந்திரித்து அடக்கம் செய்திருக்கின்றோம். ஆகவே கொசு ஒழிப்பை எளிதாகப் பேச மாட்டோம். ஆயினும் உண்மை இதுதான். புகை பறக்கும் கொசுவையே கொல்லும். நீரில் நெளியும் புழுவைத் தொடாது. டெங்குக் கொசு நம் வீட்டுத் தொட்டியிலும் பழைய டயரிலும் பூந்தொட்டித் தட்டிலும் பிறக்கின்றது. வாரம் ஒருமுறை நீரை வடித்துத் தேய்த்துக் கழுவினால் புகை வண்டியின் தேவை பெரிதும் குறையும். நோய் கண்ட இடத்தில் புகை வேண்டுமாயின், தேனீக்கள் கூடு திரும்பிய பின், பூத்த செடிகளை விலக்கி அடிக்கலாம். கொசுவிடமிருந்து பிள்ளையைக் காப்பதும் தேனீயைக் காப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. இரண்டும் தொட்டி கழுவுவதில் தொடங்குகின்றன. களைக்கொல்லிக்கோ அத்தகைய தேவையும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் தேனீக்குக் கேடு செய்யும் மூன்று பூச்சிமருந்துகளைத் திறந்த வெளியில் பயன்படுத்துவதை 2018-இல் தடை செய்தது. பிரான்சில் செயற்கைப் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் 2017 முதல் பொதுப் பூங்காக்களிலும், 2019 முதல் வீட்டுத் தோட்டங்களிலும் விலக்கப்பட்டன. 2022 சூலை முதல் அத்தடை கல்லறைத் தோட்டங்களுக்கும் விரிந்தது. நாம் எம் கல்லறைத் தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்ததும் அதே 2022-இல்தான்.

நான்காவது, காலத்தின் ஓரம், அதாவது பொறுமை. மலைத்தேனீ நம் நகரக் கட்டடங்களில் நிலையாகத் தங்குவதில்லை. பூக்கும் காலம் நோக்கி வரும். சில மாதம் தங்கும். பூ குறைந்ததும் அடையை வெறுமையாக விட்டு அகலும். மறு ஆண்டும் அதே விளிம்பை நாடி வரும். அது கொட்டும் என்பதும், பல கொட்டுகள் உயிருக்கே தீங்காகலாம் என்பதும் உண்மை. ஆகவே, அணுகாமலும் கல்லெறியாமலும், அதன் கீழே குப்பை எரிக்காமலும் வாணம் விடாமலும், இரவில் அதற்கருகே விளக்கு எரிய விடாமலும் இருந்தால் போதும். பள்ளிச் சாளரம் போன்ற இடங்களில் கூடு கட்டி, விடவே முடியாத நிலை வருமாயின், தேனெடுத்துப் பழகியவரை அழைத்து, இளம்புகை காட்டிக் கிளப்பிவிடச் செய்யலாம். பந்தம் கொளுத்துவது கடைசி வழியாகவும் இருக்கத் தேவையில்லை. கோஸ்டாரிக்கா நாட்டின் குரிதாபாத் என்னும் நகராட்சி, தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் ஓசனிச்சிட்டையும் தன் நகரின் குடிகளாகவே ஏற்று, தெருவும் பூங்காவும் அமைக்கையில் அவற்றையும் கணக்கில் கொள்கின்றது. நம் நகராட்சிகள் அவ்வளவு தூரம் செல்லாவிடினும், ஒரு கூட்டை எரிக்குமுன் ஒரு கேள்வியேனும் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம்.

இவையெல்லாம் குருவானவர் பேசவேண்டிய பொருளா என்று சிலர் எண்ணக்கூடும். பாஸ்காத் திருவிழிப்பு இரவில், இருண்ட கோயிலுக்குள் நாம் ஏந்திவரும் திரியை நினைத்துப் பாருங்கள். அவ்விரவில் பாடப்படும் புகழுரையின் இலத்தீன் மூலம், அத்திரியைத் தேனீக்களின் உழைப்பு என்று குறிப்பிட்டே தந்தைக்குக் காணிக்கையாக்குகின்றது. ஆண்டின் மிகப் புனிதமான அவ்விரவில், திரு அவை பெயர் சொல்லி நினைவுகூரும் உயிர்களுள் இச்சிறு பூச்சியும் ஒன்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடலில், செயற்கை நஞ்சுகளால் மறையும் பூச்சிகளைப் பற்றிக் கவலை தெரிவித்தார். அவை செய்துவந்த வேலையை ஈடுசெய்ய மனிதன் மேன்மேலும் புதிய நுட்பங்களைத் தேடவேண்டிய நிலையையும் சுட்டினார். எம் மடத்துச் சகோதரி பூசணிப் பூவைத் தடவி நின்ற காட்சி அவ்வரிகளுக்கு ஓர் உரை போன்றது.

பாரிஸ் நகரின் நோத்ருதாம் பேராலயத்தில், திருவுடைச் சாலையின் கூரைமீது 2013 முதல் மூன்று தேன்பெட்டிகள் இருந்தன. 2019 ஏப்ரல் 15, புனித வாரத் திங்கள்கிழமை மாலை, பேராலயத்தின் பெருங்கூரை தீப்பற்றி விழுந்ததை உலகமே கண்டது. பெட்டிகள் இருந்த கூரை ஏறத்தாழ 30 மீட்டர் தாழ்வானது. தீ அதுவரை செல்லவில்லை. சில நாள் கழித்து நோக்கியபோது தேனீக்கள் உயிரோடிருந்தன. பற்றியெரிந்த பேராலயத்தில் தேனீ தப்பியது. திருவிழாக் கோலம் பூண்ட எம் கோயிலில் எம் சொல்லால் அது எரிந்தது. இரண்டையும் சேர்த்து நினைக்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

எரித்த அடுத்த இரண்டு ஆண்டுகள் மணிக்கூண்டின் விளிம்பு வெறுமையாக இருந்தது. அதன் பின்னொரு தை மாதத்தில் ஒரு கூடு வந்தது, முன்னதைவிடச் சிறியது. கோயிற்பிள்ளை வந்து, "வந்திருக்கு, சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். பங்குப் பேரவையைக் கூட்டினோம். நடந்ததைச் சொன்னோம். நீண்ட வாக்குவாதத்துக்குப் பின், மணிக்கூண்டின் அடியில் கயிறு கட்டி மறிப்பது, அலங்கார விளக்குகளை முன்முகப்போடு நிறுத்துவது, வாணவேடிக்கையைப் பள்ளி மைதானத்துக்கு மாற்றுவது, சப்பரத்தை மேற்கு வாயில் வழியாக எடுப்பது என்று முடிவாயிற்று. ஒன்பது நாளும் நம் மனம் திக்திக்கென்றே இருந்தது. ஒருவரையும் தேனீ கொட்டவில்லை. மே மாதத்தில் ஒருநாள் காலை அண்ணாந்து பார்த்தபோது வெறும் அடை மட்டும் தொங்கியது. மரங்களைச் சுற்றிலும் பேவர் பிளாக்குகளைப் பெயர்த்து மூன்றடி மண் விட்டோம். அதற்கான கடப்பாரைக் கூலி, பதித்த கூலியைவிட மிகுதி.

கல்லறைத் தோட்டம் குறித்துத்தான் இன்னும் ஒருமனப்படவில்லை. இறந்தோர் நினைவுநாள் அடுத்த மாதம் வருகின்றது. தம் தாய் தந்தையர் துயிலும் இடம் புதர் மண்டிக் கிடப்பதைக் காண மனம் வராது என்கின்றனர் பலர். அவ்வருத்தத்தை நாம் மதிக்கின்றோம். ஆகவே ஒரு வேண்டுகோள் வைத்துள்ளோம். கல்லறைகளின் மேலும் நடைபாதையிலும் ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் கையால் களை எடுப்போம், மருந்து வேண்டாம். சுற்று மதிலோரமாக நான்கடி அகலத்தில் தும்பையும் மூக்குத்திப்பூண்டும் தம் விருப்பம்போல் பூக்க விட்டுவிடுவோம். இறந்தோரைச் சுற்றி உயிர் முரலும் ஒலி கேட்பதில் அவமதிப்பு ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. உயிர்ப்பை நம்புகிறவர்களுக்கு அது பொருத்தமான காவலே. பேரவை என்ன முடிவெடுக்கும் என்று அறியோம். எடுத்தபின் உங்களுக்கும் அறிவிப்போம்.

இப்பகுதியை வாசிக்கும் குடும்பங்கள் தத்தம் வீட்டில் இம்மாதம் ஒரு காரியம் செய்தால் நலம். கொல்லையிலோ மாடியிலோ சாளரத்திலோ ஓர் ஓரத்தைத் தேர்ந்து, அதில் தேனீக்கென ஒரு செடி வைத்து, அதற்கு மட்டும் மருந்தடிக்காமல் விடுங்கள். அகலமான தட்டொன்றில் கூழாங்கல் இட்டுச் சிறிது நீர் ஊற்றி, நாள்தோறும் மாற்றி வையுங்கள். தேனீ கல்லின்மேல் அமர்ந்து பருகும். பிள்ளைகளை அருகில் அழைத்து, பூவுக்கு யார் யார் வருகின்றனர் என்று எண்ணச் சொல்லுங்கள். அடிக்காமல், விரட்டாமல் பார்த்திருக்கப் பழகிய பிள்ளை, ஏழையையும் அந்நியனையும் விரட்டாதிருக்கவும் பழகும்.

வயலின் ஓரத்தை விடச் சொன்ன ஆண்டவர், நம் இல்லங்களிலும் தெருக்களிலும் நம் உள்ளங்களிலும் ஓர் ஓரம் விடும் மனத்தை நமக்கு அருள்வாராக.